ஐந்து எப்படிப் பன்னிரண்டாயிற்று? மனநோய்க்கான மாற்றுத்திறனாளி சான்று: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் பெண் குறிப்பிட்ட ஒரு நபர் இல்லை. மதிப்பீட்டு அறைகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றைச் சேர்த்து, விதி எங்கே பிடிக்கிறது, எங்கே நழுவுகிறது என்று காட்ட அமைத்த மாதிரி. சட்டம், வரம்புகள், மதிப்பெண் கணக்கு எல்லாம் நடைமுறையில் உள்ளவை.

வயது 34. பி.காம். படித்து ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 25 வயதில் ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் தொடங்கியது. 27இல் வேலை போயிற்று. முதல் ஆறு ஆண்டுகள் விட்டுவிட்டுத் தனியார் மருத்துவம், நடுநடுவே மந்திரிப்பு, கோயிலில் தங்கல். அந்தக் காலத்துச் சீட்டு ஒன்றுகூட வீட்டில் இல்லை. கடந்த மூன்று ஆண்டுகளாக அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மாத ஊசியும் மாத்திரையும். குரல்கள் கேட்பது அடங்கிவிட்டது. ஆனால் காலையில் எழுப்ப ஆள் வேண்டும். அஞ்சல் துறையில் இருந்த அப்பா இறந்துவிட்டார். 66 வயது அம்மா குடும்ப ஓய்வூதியத்தில் வீட்டை நடத்துகிறார். "என் காலத்துக்கு அப்புறம் இவளுக்கு யார்?" என்ற கேள்விதான் அவரைச் சான்று கேட்டு வரவைத்தது.

முதல் மதிப்பீடு

யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான அரசு இணையதளத்தில் விண்ணப்பம், ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று. இயலாமை வகையைக் குறிக்கும் இடத்திலேயே பலர் சறுக்குவார்கள். 'மனநோய்' வேறு, 'அறிவுசார் குறைபாடு' வேறு. முன்பு மனவளர்ச்சி குன்றியோர் என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டாவது வகை. அவர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை உண்டு, முறையே வேறு. வகையை மாற்றிக் குறித்தால் தவறான அறையில் காத்திருந்து திரும்ப வேண்டியதுதான். இந்த அம்மா சரியாகவே குறித்தார்.

மனநோய்க்கான அளவுகோலின் பெயர் ஐடியாஸ். இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கியது. 2002இல் மத்திய அரசின் வழிகாட்டுதலில் இடம்பெற்று, 2018 ஜனவரி அறிவிக்கையிலும் தொடர்ந்தது. நான்கு களங்கள்: தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை; 0 என்றால் குறைபாடு இல்லை, எண் கூடக்கூடக் குறைபாடு அதிகம். அதோடு நோய்க் காலத்துக்குத் தனி மதிப்பெண்: 2 ஆண்டுக்குக் குறைவென்றால் 1, 2 முதல் 5 ஆண்டு என்றால் 2, 6 முதல் 10 ஆண்டு என்றால் 3, 10ஐத் தாண்டினால் 4. மொத்தம் 20. கூட்டுத்தொகை 1–6 வந்தால் 40 சதவீதத்துக்குக் கீழ். 7–13 என்றால் 40–70. 14–19 என்றால் 71–99. முழு 20க்கு 100.

அன்று அறையில் நடந்த உரையாடல் இவ்வளவுதான்:

"தினமும் குளிப்பியாம்மா?"
"குளிப்பேன் சார்."
"வீட்டுல வேலை செய்வியா?"
"செய்வேன்."
"வெளிய போவியா?"
"அம்மாகூட போவேன்."

தலை வாரி, சுத்தமான சுடிதாரில் வந்திருந்தார். பத்து நிமிடம். தன்னைப் பேணுதல் 0, பழகுதல் 1, பேச்சு 1, வேலை 1. நோய்க் காலத்துக்கு, கையில் இருந்த மூன்று ஆண்டு ஓ.பி. சீட்டை வைத்து 2. மொத்தம் 5.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சான்று மறுக்கப்படவில்லை. 40க்குக் கீழான சதவீதத்தோடு சான்றும் அட்டையும் வந்தன. 'கிடைத்துவிட்டது' என்று குடும்பம் நிம்மதியானது. ஆறு மாதம் கழித்து உதவித்தொகைக்குப் போனபோதுதான் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெரும்பாலான சலுகைகளுக்கு வைத்திருக்கும் வாசல் 40 என்று தெரிந்தது.

எங்கே தப்பியது

மருத்துவர் பொய் எழுதவில்லை, அந்தப் பெண்ணும் பொய் சொல்லவில்லை. குளிக்கிறார் என்பது உண்மை. குளிப்பதற்கு முன் அம்மா இரண்டு மணி நேரம் கூப்பிட்டதும், வெந்நீர் வைத்து, துண்டை எடுத்துக் கொடுத்து, குளியலறை வாசலிலேயே நின்றதும் பதிலில் இல்லை. ஐடியாஸ் வழிகாட்டிக் குறிப்பே, வற்புறுத்தினால்தான் குளிப்பார், சொன்னால்தான் சாப்பிடுவார் என்ற நிலையைக் கடுமையான குறைபாட்டின் அடையாளங்களில் வைக்கிறது. அதாவது 3. 'குளிப்பாயா' என்ற கேள்விக்கும் 'யாரும் சொல்லாவிட்டால் எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிப்பாய்' என்ற கேள்விக்கும் நடுவே மூன்று மதிப்பெண் கிடக்கிறது. அளவுகோலின் மொத்தமே இருபதுதான்.

மனச்சிதைவு நோய் நீண்டு நின்றவர்களிடம் ஆர்வம் வற்றிப்போவதும் சுருக்கப் பேச்சும் நோயின் பாகம். 'செய்வேன்', 'போவேன்' என்ற ஒற்றைச் சொல் பதில்கள் திறமைக்குச் சான்று ஆகாது. பல நேரம் நோயின் வெளிப்பாடே அவைதான். தன் நோயை நோய் என்று உணராத நிலையும் இதோடு சேரும். ஆகவே நோயாளி வாய்மொழியை மட்டும் வைத்து மதிப்பிடுவது, காது கேளாதவரிடம் 'கேட்கிறதா' என்று கேட்டு அவர் தலையசைப்பதைப் பதிவு செய்வது போன்றது. உடன் வாழ்பவரையும் விசாரித்து, மருத்துவக் குறிப்புகளையும் பார்த்துத்தான் மதிப்பெண் இட வேண்டும் என்பது இந்த அளவுகோலின் அடிப்படை. கூட்டமான முகாமில் முதலில் பலியாவது அதுதான்.

வேலைக் களம் இன்னும் சிக்கலானது. சம்பள வேலை, வீட்டு நிர்வாகம், படிப்பு என்ற மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து மதிப்பிட வேண்டும். 34 வயதுப் பெண், வீட்டில் இருக்கிறார் என்றதும் பேனா தானாக 'வீட்டு நிர்வாகம்' பக்கம் போகிறது. பாத்திரம் கழுவுகிறார், காய் நறுக்குகிறார் என்றவுடன் 1. இதே கல்வி, இதே நோய், இதே வேலை இழப்பு உள்ள ஆணாக இருந்தால் யாரும் காய் நறுக்குவதைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். ஏழு ஆண்டாக வேலை இல்லை என்று எழுதி 4 போட்டிருப்பார்கள். அளவுகோலில் ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் அது நுழைந்துவிடுகிறது. நோய் வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே தேர்வுக்கு நியாயமான அடிப்படை என்பது எங்கள் கருத்து. வீட்டு நிர்வாகத்தையே எடுத்தாலும், சொல்லச் சொல்ல ஒரு வேலையைச் செய்வது நிர்வாகம் ஆகாது. என்ன சமைப்பது என்று முடிவு செய்வது, எரிவாயு தீர்வதற்குள் பதிவது, அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பது, இவைதான் நிர்வாகம்.

நான்காவது தவறு ஆவணத்தில். நோய்க் காலம் என்பது நோய் தொடங்கியதிலிருந்து. அரசு மருத்துவமனைச் சீட்டு போட்ட நாளிலிருந்து எண்ணினால் 9 ஆண்டு 3 ஆண்டாகிறது, ஒரு மதிப்பெண் போகிறது. காசில்லாதவர்களும் கோயில், தர்கா என்று அலைந்தவர்களும் அதிகம் இழப்பது இங்கேதான். ஏனென்றால் மந்திரிப்புக்கு ரசீது இல்லை.

இரண்டாவது மதிப்பீடு

சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து, மாநில அரசு குறித்த அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆம் பிரிவு வழி தருகிறது. அதற்கான கால வரம்பையும் முறையையும் மாநில விதிகள் சொல்லும் என்பதால், முடிவு கைக்கு வந்த வாரமே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம். மனுவில் 'அநியாயம்' என்று நான்கு பக்கம் எழுதுவதைவிட, எந்தக் களத்தில் எது பதிவாகவில்லை என்று நான்கு வரி எழுதுவது வேலை செய்யும்.

இந்த நிகழ்வில் சேர்த்தவை இவை. சிகிச்சை தரும் மனநல மருத்துவரிடமிருந்து, நோய் தொடங்கிய ஆண்டை விசாரித்துப் பதிவு செய்த சுருக்கம். பழைய அலுவலகத்தின் பணி விடுவிப்புக் கடிதம், அதில் இருந்த தேதி 27 வயதை உறுதி செய்தது. பழைய தனியார் மருத்துவரிடம் கேட்டுப் பெற்ற ஒரு பக்கக் கடிதம். எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது அம்மாவின் நாட்குறிப்பு: முப்பது நாள், தினம் மூன்று வரி. எத்தனை முறை எழுப்பினேன், சாப்பாட்டைச் சொல்லாமல் எடுத்தாளா, வீட்டுக்கு வந்தவரிடம் பேசினாளா, மாத்திரையை நான் கொடுத்தேனா அவளே போட்டாளா.

நாட்குறிப்பில் நல்ல நாட்களும் இருக்க வேண்டும். முப்பது நாளும் மோசம் என்று எழுதினால் அனுபவமுள்ள மருத்துவர் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார். இந்தக் குறிப்பில் முப்பதில் ஆறு நாள் தானாகக் குளித்தார் என்று இருந்தது. அதுவே மீதி இருபத்து நான்கை நம்ப வைத்தது.

பொதுவாகச் செய்யும் தவறுகள் இரண்டு. மதிப்பீட்டு நாளன்று மாத்திரையை நிறுத்தி அழைத்து வருவது ஒன்று. இது ஆபத்து. அதோடு, அன்றைய குழப்பம் இயல்பு நிலையைக் காட்டாது, பதிவேட்டோடும் முரண்படும். வேண்டுமென்றே அழுக்கு உடையில் அழைத்து வருவது இன்னொன்று. 'சுத்தமாக வந்திருக்கிறாள், இந்தச் சுத்தத்துக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்' என்பதே நேர்மையான வழி, பலிக்கும் வழியும்.

இம்முறை அம்மாவைத் தனியாக இருபது நிமிடம் விசாரித்தார்கள். தன்னைப் பேணுதலில் 3 இல்லை, 2 போட்டார்கள். காரணம், தட்டு வைத்தால் தானே சாப்பிடுகிறார், கழிப்பறைக்குத் தானே போகிறார், ஆக எல்லாப் பகுதியிலும் சரிவு இல்லை. அது சரியான முடிவு. பழகுதல் 2, பேச்சு 2, வேலை 3. நோய்க் காலம் 3. மொத்தம் 12.

பன்னிரண்டு என்றால் எத்தனை சதவீதம்?

அறிவிக்கை 7–13க்கு 40–70 என்று பட்டையாகத்தான் சொல்கிறது. சமமாகப் பிரித்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு 5 சதவீதம். 12க்கு 65. இங்கே 65 என்றே எழுதினார்கள். ஆனால் பட்டைக்குள் எந்த எண்ணை எழுதினாலும் அது பட்டைக்குள்தானே இருக்கிறது? 40 என்ற வாசலில் இதனால் தொல்லை இல்லை, 7 வந்தால் 40 வந்துவிடும். 80 என்ற வாசலில்தான் வினை.

இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில் 80 சதவீதம் இயலாமை உள்ளவருக்கு மட்டும். 18 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 14–19 என்ற பட்டையைச் சமமாகப் பிரித்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு 5.6 சதவீதம், 80ஐத் தொட 16 வேண்டும். நோய்க் காலத்துக்கு முழு 4 கிடைத்தவருக்கே நான்கு களத்திலும் சராசரியாக 3, அதாவது எல்லாவற்றிலும் கடுமையான சரிவு. அந்த நிலையில் உள்ளவர் விண்ணப்பம் போட்டு, வரிசையில் நின்று, வங்கிக்குப் போய் வருவது எப்படி? உடல் இயலாமையை மனத்தில் வைத்து வரைந்த 80ஐ மாற்றாமல் மனநோய்க்குப் பொருத்தியதன் விளைவு இது. மாநில அரசுகளின் உதவித்தொகைகளுக்கு வரம்பு திட்டத்துக்குத் திட்டம் வேறு. இவரைப் போன்ற 65 சதவீதத்தாருக்கு அவைதான் நம்பிக்கை.

நோய்க் கால மதிப்பெண்ணும் இரு பக்கமும் வெட்டும். பன்னிரண்டு ஆண்டு நோயாளிக்கு 4 கையிலேயே இருக்கிறது, களங்களில் 3 வந்தால் 40 சதவீதம். ஓராண்டு நோயாளிக்கு 1 மட்டும், களங்களில் 6 வேண்டும். நாள்பட்ட நோய் வாழ்க்கையை அரிக்கும் என்ற நியாயம் இதில் உண்டு. ஆனால் வேலையும் படிப்பும் கையைவிட்டுப் போகும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் பண உதவி அதிகம் பயன்படும், அப்போதுதான் வாசல் உயரமாக இருக்கிறது.

இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்கு வேறு வகைச் சிக்கல். மூன்று மாதம் சரிந்து ஐந்து மாதம் நன்றாக இருப்பவர், நன்றாக இருக்கும் மாதத்தில் மதிப்பீட்டுக்கு வருவார். மோசமான மாதத்தில் வரவே மாட்டார் அல்லவா? பிரிட்டனின் தனிநபர் சுதந்திரக் கொடுப்பனவில் ஓர் எளிய விதி உண்டு: ஒரு இயலாமை ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருந்தால் அதைக் கணக்கில் எடு. அந்தக் கொடுப்பனவுக்கு வேறு குறைகள் ஏராளம். ஆனால் அந்த ஒற்றை வரி மருத்துவரை 'இன்று எப்படி' என்பதிலிருந்து 'இந்த ஆண்டு எப்படி' என்பதற்கு நகர்த்துகிறது. இங்கே அதற்கு ஈடாகச் செய்யக்கூடியது, மருத்துவமனைச் சேர்க்கைத் தேதிகளையும் விடுப்புத் தேதிகளையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிக் கொடுப்பது.

65 எதைத் திறக்கிறது, எதைத் திறக்காது

அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் மனநோய்க்கெனத் தனிப் பங்கு இல்லை. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல்வகை இயலாமை ஆகியவற்றோடு சேர்த்து ஒரு சதவீதம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயை இயலாமைகளில் சேர்த்திருந்தும் வேலை ஒதுக்கீட்டில் சேர்க்கவில்லை, அதை நினைத்தால் இது முன்னேற்றம்தான். ஆனால் 40 வாங்கும் அளவுக்கு இயலாதவராகவும், அந்தப் பணிக்குத் தகுதியானவராகவும் ஒரே நேரத்தில் நிரூபிக்க வேண்டும். இது முரண் போலத் தெரிந்தாலும் முரண் அல்ல. பழகுதலில் 3 வாங்கியவர் தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில் சிறந்தவராக இருக்கலாம். எண் அதைச் சொல்லாது, பணியை முன்வைத்த மதிப்பீடுதான் சொல்லும். மருத்துவப் படிப்புச் சேர்க்கை வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2024இல் இதே நோக்கில், சதவீத எண்ணை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது.

40க்குக் கீழே நின்றவர்களுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நியாயமான வசதிகள் பெற 40 சதவீதம் கட்டாயம் இல்லை என்று தெளிவாக்கியது. தேர்வில் கூடுதல் நேரம், பணியில் மாற்று நேரம் போன்றவற்றை 30 சதவீதச் சான்றோடும் கேட்கலாம். பலரும் அந்த அட்டையைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் காப்பாளர் ஏற்பாடும் நிராமயா மருத்துவக் காப்பீடும் மனநோய்க்குக் கிடையாது. அவை ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை இயலாமைக்கு மட்டும். இந்த அம்மாவும் அதற்கு விண்ணப்பித்து இரண்டு மாதம் வீணாக்கினார்.

அவருக்கு உண்மையில் வேண்டியது வேறு இடத்தில் இருந்தது. மத்திய அரசு ஊழியரின் பிள்ளை, மன அல்லது உடல் இயலாமையால் சம்பாதித்துப் பிழைக்க முடியாதவராக இருந்தால், 25 வயதோடு நிற்காமல் வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். இங்கே கேட்கப்படும் கேள்வியே வேறு: எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், பிழைப்பு ஈட்ட முடியுமா என்று கேட்கிறது. ஆகவே 65 என்று எழுதிய சான்று மட்டும் போதாது. 'பிழைப்பு ஈட்ட முடியாதவர்' என்ற வாக்கியம் மருத்துவச் சான்றில் இருக்க வேண்டும். அது இல்லாமல் திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம். இயலாமை நிரந்தரம் என்றால் சான்று ஒருமுறை போதும், தற்காலிகம் என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை.

சிறு வருமானம் வந்தால் எல்லாம் போய்விடுமா என்ற பயத்தில் பல குடும்பங்கள் பகுதி நேர வேலைக்கே அனுப்புவதில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரம்பைத் தளர்த்தியது. மற்ற வருமானம், சாதாரண விகிதத்தில் வரவேண்டிய குடும்ப ஓய்வூதியமும் அதன் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குக் குறைவாக இருந்தால் தகுதி நிற்கும். ஆக, மகள் மாதம் சில ஆயிரத்துக்குக் கணக்கு எழுதினால் உரிமை போய்விடாது.

இந்தத் தளர்வு உதவித்தொகைத் திட்டங்களில் இல்லை. தற்காலிகச் சான்று முடிந்து மறுமதிப்பீட்டில் 12 என்பது 6 ஆகிவிட்டால் முழுவதும் நின்றுவிடும், படிப்படியாகக் குறைவது கிடையாது. மாத ஊசியைத் தவறாமல் போட்டுத் தேறியவருக்கு உதவி நிற்கிறது, ஊசியை விட்டுச் சரிந்தவருக்குத் தொடர்கிறது. போலிச் சான்றுக்கு 91ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, அது இருக்க வேண்டியதுதான். ஆனால் தேறியதை மறைக்கும் ஆசையைத் தூண்டுவது பேராசை அல்ல, இந்தச் செங்குத்தான விளிம்பு. மறுமதிப்பீட்டுக்கு வருபவரிடம் 'மாத்திரை, அம்மா, ஊசி மூன்றும் இருக்கும்போது எப்படி' என்பதோடு 'அம்மா இல்லாத வாரத்தில் எப்படி' என்றும் கேட்டுப் பதிவு செய்தால் விளிம்பு கொஞ்சம் மழுங்கும்.

இந்த நிகழ்வில் அந்தக் கேள்விக்குப் பதில் தற்செயலாகவே கிடைத்தது. கண்புரை அறுவைக்காக அம்மா நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். பக்கத்து வீட்டுச் சித்தி சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்டார். நான்கு நாளும் மகள் குளிக்கவில்லை, மூன்று வேளை மாத்திரை தவறியது, ஆனால் கதவைப் பூட்டித் திறந்தார், பால்காரருக்குக் கணக்காகக் காசு கொடுத்தார். அம்மா திரும்பி வந்து அதையும் நாட்குறிப்பில் சேர்த்தார். ஓய்வூதிய ஆணையில் தனக்கு அடுத்ததாக மகள் பெயரைத் தன் வாழ்நாளிலேயே சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தோடு, அந்த நான்கு நாள் பக்கத்தின் நகலும் மருத்துவக் குழுவின் மேசைக்குப் போயிற்று.